நூலக ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது?

பல்கலைக்கழக நூலகத்துக்குச் சட்டத்தின் பார்வையில் தனி ஆளுமை கிடையாது. புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கட்டடம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், தலைமை நூலகர் இருப்பார், ஆண்டுதோறும் பெருந்தொகைக்குத் தரவுத்தளமும் ஆய்விதழும் வாங்குவோம், எல்லாம் சரி. ஆனால் வெளியீட்டாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக எழுதப்படுவது பல்கலைக்கழகத்தின் பெயர். அப்படியென்றால் பல்கலைக்கழகத்துக்காகப் பேனாவை எடுக்கும் உரிமை யாருக்கு? நூலகருக்கா, கொள்முதல் பிரிவுக்கா, நிதி இயக்குநருக்கா, சட்டப் பிரிவுக்கா? அக்டோபர், நவம்பர் வந்தால் எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார், ஏனென்றால் ஆய்விதழ்ச் சந்தாக்களில் பெரும்பாலானவை ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிபவை, புதுப்பிக்கும் வேலையெல்லாம் ஆண்டுக் கடைசியில் ஒன்றாக வந்து குவியும்.

நான் சிங்கப்பூரில், பல்கலைக்கழக நூலகத்தில் மின்வளங்கள் பக்கம், அதாவது இணையவழி இதழ்கள், தரவுத்தளங்கள் பக்கம் வேலை பார்ப்பவள். லைசென்ஸ் என்று நாங்கள் சொல்லும் உரிம ஒப்பந்தங்களைப் படிப்பது, திருத்தம் கேட்பது, மேலே அனுப்புவது, கையெழுத்தாகி வந்தபின் அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது, இவையெல்லாம் என் வேலை. கையெழுத்துப் போடுவது என் வேலை இல்லை, அந்த அதிகாரம் எனக்கு வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வழக்கமான சந்தாப் புதுப்பிப்புகளுக்கான கையெழுத்து அதிகாரம், ஒரு தொகை வரம்போடு, தலைமை நூலகரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். அது முடியாத இடங்களில், நூலகம் ஒப்புக்கொள்ளாத லைசென்ஸில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதாவது எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2006-இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. அதுவரை ஆணைபெற்ற கழகங்களாக, அதாவது தனிச் சட்டத்தால் அமைந்த அரசு அமைப்புகளாக இருந்தவை, அன்றிலிருந்து நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் லாப நோக்கற்ற நிறுவனங்கள், பங்குதாரர் என்று யாரும் இல்லாமல் உத்தரவாத அடிப்படையில் அமைந்தவை. 2000-இல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் முதலிலிருந்தே அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. ஆகவே அதிகாரத்தின் ஊற்று அறங்காவலர் வாரியம். வாரியம் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கொடுக்கிறது, தலைவர் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார், இப்படிப் படிப்படியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு தாள், அந்தத் தாளில் ஒரு பதவி, அந்தப் பதவிக்கு எதிரே ஒரு தொகை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் கதை வேறு. அவை இன்றும் ஆணைபெற்ற கழகங்கள், அரசாங்கக் கொள்முதல் விதிகளும் ஜீபிஸ் என்ற அரசாங்க இணையக் கொள்முதல் தளமும் அவற்றுக்குப் பொருந்தும். பக்கத்துக் கல்லூரி நூலகத் தோழி எப்படிச் செய்கிறாள் என்று கேட்டு அதையே நம் இடத்தில் செய்ய முடியாததற்கு இதுதான் காரணம். இரண்டும் நூலகம்தான், ஆனால் கையெழுத்துப் போடும் அமைப்பு வேறு வேறு.

அந்தத் தாளை உங்கள் இடத்தில் என்ன பெயரில் வைத்திருந்தாலும் சரி, அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "டைரக்டர்தான் எப்பவும் போடுவார்" என்பது அதிகாரம் ஆகாது, அது பழக்கம். பழக்கம் எல்லாம் நன்றாகப் போகும்வரை போதும், ஏதாவது ஒன்று சிக்கலானால் முதலில் கேட்கப்படும் கேள்வி அந்தத் தாள் எங்கே என்பதுதான்.

அப்புறம் இன்னொரு குழப்பம். மூன்று வேறு அதிகாரங்களை நம் ஆட்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தச் செலவு செய்யலாம் என்று ஒப்புதல் தருவது ஒன்று. இந்த விற்பனையாளரிடம், இந்த முறையில் வாங்கலாம் என்று ஒப்புதல் தருவது இன்னொன்று. ஒப்பந்தத் தாளில் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் வகையில் கையெழுத்துப் போடுவது மூன்றாவது. தலைமை நூலகருக்கு முதலாவது பெரிய தொகை வரைக்கும் இருக்கலாம், இரண்டாவது கொள்முதல் பிரிவிடம் இருக்கலாம், மூன்றாவது நூலகக் கட்டடத்துக்குள் யாரிடமும் இல்லாமலேகூட இருக்கலாம். பட்ஜெட் ஒப்புதல் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டப் பிரிவிடமிருந்து கடிதம் வாங்கியவர்கள் இந்தத் துறையில் பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

தொகையை எப்படிக் கணக்குப் போடுவது என்பதும் லேசான விஷயம் இல்லை. ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 80,000 சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள ஒரு தரவுத்தளம் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து வரம்பு 250,000 வெள்ளி. மூன்றாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏற்றம். முதல் ஆண்டு 80,000, இரண்டாவது 82,400, மூன்றாவது 84,872, மொத்தம் 247,272. வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் 2024 முதல் பொருள், சேவை வரி 9 விழுக்காடு, அதையும் சேர்த்தால் 269,526 வெள்ளிக்கு மேலே போய்விடுகிறது. அந்தத் தாளில் இருக்கும் வரம்பு வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா? விலை அமெரிக்க டாலரில் இருந்தால் எந்தத் தேதியின் நாணய மாற்று விகிதம்? ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியாகப் பார்த்தால் போதுமா, மூன்றாண்டையும் கூட்ட வேண்டுமா? பல இடங்களில் மொத்த ஒப்பந்த மதிப்பைத்தான் பார்க்கிறார்கள், அதுதான் சரியும்கூட, இல்லையென்றால் பெரிய ஒப்பந்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி வரம்புக்குள் நுழைத்துவிடலாம். அப்படி வெட்டுவதைத் தணிக்கையாளர்கள் உடனே பிடிப்பார்கள், பிடிக்கவும் வேண்டும்.

கொள்முதல் விதிகள் நாற்காலியும் கணினியும் வாங்குவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மூன்று இடத்தில் விலை கேள், குறைவானதை எடு. ஒரு குறிப்பிட்ட ஆய்விதழை ஒரே ஒரு வெளியீட்டாளர்தான் விற்கிறார், அதற்கு மூன்று கொட்டேஷன் எங்கே போய் வாங்குவது? அதனால் ஒவ்வொரு முறையும் 'ஒரே விற்பனையாளர்' என்று காரணம் எழுதி விலக்குக் கேட்கிறோம். விலக்கு கிடைத்துவிடும், ஆனால் அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அந்த வாரங்களில்தான் லைசென்ஸைப் படித்துப் பேரம் பேசியிருக்க வேண்டும். நேரமெல்லாம் படிவத்துக்குப் போய், உள்ளடக்கத்தைப் பேச நேரமில்லாமல் ஆகிவிடுவதுதான் எனக்கு இதில் மிகவும் வருத்தமான பகுதி.

சிங்கப்பூரில் கையெழுத்து அதிகாரம் என்றால் சட்டம் படித்தவர்கள் உடனே சொல்லும் ஒரு வழக்கு இருக்கிறது. ஏஷியா பசிபிக் புருவரீஸ் என்ற மதுபான நிறுவனத்தின் நிதி மேலாளர் ஒருவர், 1999 முதல் 2003 வரை, இயக்குநர் வாரியத் தீர்மானங்களைப் போலியாகத் தயாரித்து, நிறுவனத்தின் பெயரில் நான்கு வெளிநாட்டு வங்கிகளிடம் 117 மில்லியன் வெள்ளி மோசடி செய்தார். 2004-இல் அவருக்கு 42 ஆண்டுச் சிறை. வங்கிகள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டன, நிதி மேலாளர் சொன்னதை நம்பித்தானே கொடுத்தோம் என்றன. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கிகளின் வாதத்தை ஏற்கவில்லை. அதிகாரம் இருப்பதாக நம்ப வைக்கும் பேச்சோ செயலோ நிறுவனத்திடமிருந்து வந்திருக்க வேண்டும், அந்த ஆளே தன்னைப் பற்றித் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டால் அது போதாது. நூலகத்துக்கும் மதுபான ஆலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நூலகப் பணியாளர் ஒருவர் நல்ல எண்ணத்தில், அதிகாரம் இல்லாமல், "நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பினால் பல்கலைக்கழகம் கட்டுப்படுமா என்ற கேள்விக்கும் இதே கோட்பாடுதான் அடிப்படை. அவரை அந்தப் பதவியில் உட்காரவைத்து, ஆண்டாண்டாக விற்பனையாளர்களோடு பேசவிட்டு, அவர் சொன்னபடியெல்லாம் பணமும் கொடுத்து வந்தது பல்கலைக்கழகம் என்றால், அதுவே நிறுவனம் கொடுத்த நம்பிக்கை என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு. ஆகவே உள்ளே ஒரு தாளில் 'இவருக்கு அதிகாரம் இல்லை' என்று எழுதிப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. விற்பனையாளருக்கும் அது தெரிய வேண்டும்.

இதில் ஆபத்து எங்கே என்று பார்த்தால், பெரிய ஒப்பந்தத்தில் அவ்வளவு இல்லை. அது எப்படியும் பலர் கண்ணில் படும். சின்னச் சின்னக் கிளிக்கில்தான் இருக்கிறது. ஒரு புதிய தரவுத்தளத்தை ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று விற்பனையாளர் இணைப்பு அனுப்புவார். உள்ளே போனால் நீண்ட நிபந்தனைகள், கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான், 'என் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எனக்கு உண்டு' என்று ஒரு வரி. புதிதாகச் சேர்ந்த தம்பி அதை அழுத்திவிடுகிறார். இங்கே 2010-இன் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் மின்னணுக் கையெழுத்தை ஏற்கிறது. 2003-இல் 3,854 வெள்ளி லேசர் பிரிண்டர் ஒன்று இணையத்தில் தவறுதலாக 66 வெள்ளிக்கு விற்கப்பட்ட வழக்கு இங்கே பலருக்கு நினைவிருக்கும். அந்த விற்பனை செல்லாது என்று தீர்ப்பானதற்குக் காரணம் விலை தவறு என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது, மற்றபடி திரையில் பொத்தானை அழுத்தி ஒப்பந்தம் உருவாகலாம் என்பதில் நீதிமன்றத்துக்குச் சிரமம் இருக்கவில்லை. அதனால் நான் தம்பிகளிடம் சொல்வது, சோதனைக் கணக்காக இருந்தாலும் பொத்தானை நீங்கள் அழுத்தாதீர்கள், நிபந்தனைகளைப் பிடிஎஃப்ஆக எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

சரி, நூலகம் ஏன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதற்கு நேரில் பார்த்த ஒரு விஷயம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், 2022-இல், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு மாணவர் பல ஆண்டுகளின் கட்டுரைகளை எடுத்து, சொற்களின் போக்கைக் கணினியால் பகுத்தாய்ந்து கொண்டிருந்தார். கட்டுரைகளை ஒவ்வொன்றாக இறக்க முடியாது என்று ஒரு சிறு நிரல் எழுதி ஓடவிட்டார். சனிக்கிழமை இரவு வெளியீட்டாளரின் தளம் அதை 'திட்டமிட்ட பெருமளவு பதிவிறக்கம்' என்று கண்டுபிடித்து, அந்த மாணவரை மட்டும் அல்ல, வளாகம் முழுவதையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. திங்கட்கிழமை காலையில் பேராசிரியர்களின் அழைப்புகள். வெளியீட்டாளரிடம் கேட்டால், நாங்கள் சனிக்கிழமையே எச்சரிக்கை அனுப்பிவிட்டோமே என்கிறார்கள். யாருக்கு? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு. அவர் எங்கள் நூலகத்து ஆளே இல்லை, கொள்முதல் பக்கம் இருந்தவர், அதற்குள் வேறு துறைக்கு மாறிப் போயிருந்தார். எச்சரிக்கை யாரும் திறக்காத அஞ்சல் பெட்டியில் கிடந்தது.

லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன். நூலகம் அனுப்பிய வரைவில், கணினிவழிப் பகுப்பாய்வுக்கு அனுமதி என்று ஒரு வரியைச் சேர்த்து, தளத்தை மூடுவதற்குமுன் நூலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இன்னொரு வரியையும் சேர்த்திருந்தோம். கையெழுத்தான பிரதியில் இரண்டும் இல்லை. விலை பேசி முடிந்தபின் விற்பனையாளர் தங்கள் வழக்கமான படிவத்தை அனுப்ப, தொகை சரியாக இருக்கிறதே என்று அதில் கையெழுத்தாகிவிட்டது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அந்த இரண்டு வரிகள் எதற்காக இருந்தன என்று தெரிந்த ஒருவரும் கையெழுத்து நேரத்தில் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான். அந்த மாணவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வேலை நின்றுபோனது. அவருடைய உதவித்தொகைக்குக் காலக்கெடு இருந்தது. அவர் குற்றவாளி போல என் மேசை முன்னால் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் அவர் செய்தது தவறே இல்லை. 2021 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த நம் புதிய பதிப்புரிமைச் சட்டம், முறையாக அணுக உரிமையுள்ள படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் பிரதி எடுக்க அனுமதிக்கிறது, அந்த அனுமதியை ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுப் பறித்துவிட முடியாது என்றும் சொல்கிறது. ஆனால் சட்டம் நம் பக்கம் இருந்தாலும் திங்கட்கிழமை காலையில் கதவைத் திறக்கச் சட்டம் ஓடி வராது. சண்டை போடாமல் கதவு திறக்க வேண்டுமென்றால் அது லைசென்ஸிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அதன்பிறகு நிதிப் பிரிவில் இருந்த அக்கா ஒருவரிடம் பேசினேன். பல காலம் அனுபவமுள்ளவர், நேர்மையானவர், தமிழில் மனம்விட்டுப் பேசக்கூடியவர்.

"அக்கா, நாங்க திருத்தம் எழுதித்தானே அனுப்பினோம், நீங்க பார்க்கலையா?"

"இங்க பாரும்மா, எனக்குத் தொகை சரியா இருக்கா, பட்ஜெட்ல இருக்கா, பணம் எந்தக் கணக்குக்குப் போகுது, இதைத்தான் நான் பார்ப்பேன். அந்தப் பதினெட்டாம் பக்கத்துல என்ன இருக்குன்னு நீதான் எனக்குச் சொல்லணும். சொல்ற இடம் அந்தப் படிவத்துல எங்கே இருக்கு, காட்டு?"

அவர் சொன்னது முற்றிலும் சரி. படிவத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. நிதி ஒப்புதலுக்கு ஒரு கட்டம், கொள்முதல் ஒப்புதலுக்கு ஒரு கட்டம், சட்டப் பிரிவுக்கு ஒரு கட்டம். லைசென்ஸின் நிபந்தனைகள் வாசகர்களுக்கு ஒத்துவருமா என்று நூலகம் கையெழுத்திடக் கட்டம் கிடையாது. நூலகம் அங்கே 'கோரிக்கை விடுத்த துறை', அவ்வளவுதான்.

லைசென்ஸில் நாங்கள் தேடுவதை வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சொன்னால் சின்ன விஷயங்களாகத் தோன்றும். யார் யார் 'அனுமதி பெற்ற பயனர்' என்ற வரையறையில் பகுதிநேர மாணவர் இருக்கிறாரா, வருகைப் பேராசிரியர் இருக்கிறாரா, உறுப்பினராக இல்லாமல் நூலகத்துக்குள் நேரில் வந்து உட்கார்ந்து படிப்பவர் இருக்கிறாரா. சந்தாவை நிறுத்தினாலும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைத் தொடர்ந்து படிக்க முடியுமா. வேறு நூலகத்துக்கு ஒரு கட்டுரையை அனுப்பலாமா. அறுபது நாளுக்கு முன் சொல்லாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா. விலையை வெளியே சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டுகிறதா. இந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இந்த உள்ளடக்கத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று அகலமாக எழுதப்பட்ட தடைகள் புதுப்பிப்புத் தாள்களில் வருகின்றன, சில சமயம் போன ஆண்டுத் தாளோடு ஒப்பிட்டால்தான் கண்ணில் படும். அப்படியே கையெழுத்தானால், நாளைக்குத் தன் கட்டுரைக் குவியலில் ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கும் முனைவர் பட்ட மாணவர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவார். இதையெல்லாம் வரி வரியாகப் படிக்கும் ஆள் ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகத்தில்தான் இருப்பார்.

இதைச் சொல்வதால் கொள்முதல் பிரிவும் சட்டப் பிரிவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூலக மேலாண்மை மென்பொருள் போன்ற ஒப்பந்தங்களில் மாணவர்களின் பெயர், அடையாள எண், கடன் வாங்கிய புத்தகங்களின் விவரம் எல்லாம் வெளிநாட்டுச் சர்வரில் போய் உட்காரும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012, வெளிநாட்டுக்குத் தரவு போனால் அங்கேயும் அதற்கு இணையான பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. தரவு கசிந்தால் யார் பொறுப்பு, நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு உண்டா, எந்த நாட்டுச் சட்டம், எந்த நாட்டு நீதிமன்றம், இதெல்லாம் நூலகர் தனியாகத் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. அங்கே சட்டப் பிரிவு பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதில் நான் அவர்கள் பக்கம்தான். ஆனால் போன ஆண்டு நிபந்தனைகளே இந்த ஆண்டும், விலை மட்டும் ஒப்புக்கொண்ட ஏற்றத்தில் இருக்கிறது என்ற புதுப்பிப்புகள் எத்தனையோ. அவற்றையும் அதே வரிசையில் நிறுத்துவதால் உண்மையில் கவனம் தேவைப்படும் ஒப்பந்தங்களுக்குச் சட்டப் பிரிவிடம் நேரம் இல்லாமல் போகிறது.

கையெழுத்து எவ்வளவு மேலே போகலாம் என்பதற்கு இந்தியா இப்போது ஒரு பெரிய உதாரணம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25-இல் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம். திருநெல்வேலியில் ஓர் அரசுக் கல்லூரி மாணவிக்கு முன்பு நினைத்தும் பார்க்க முடியாத இதழ்கள் திறக்கின்றன என்றால் மகிழ்ச்சிதான். பேரம் பேசும் பலமும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் வரும். ஆனால் கையெழுத்து அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது, அந்த மாணவிக்கு ஒரு நிபந்தனை இடிக்கிறது என்றால் அவருடைய கல்லூரி நூலகர் அதை எங்கே போய்ச் சொல்வது என்ற வழி தெளிவாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரி கடைசியில் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ் வெளியீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பேச்சை நிறுத்தியது. பத்து வளாகங்கள், இரண்டாண்டு இடைவெளி, 2021 மார்ச்சில் தாங்கள் கேட்ட திறந்த அணுக்க (கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற) நிபந்தனைகளோடு புதிய ஒப்பந்தம். அந்தப் பேச்சுவார்த்தையில் நூலகர்களும் பேராசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசித் தாளில் யார் பெயர் இருந்தது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து போகும் துணிவு வந்தது, நிபந்தனைகளைப் புரிந்தவர்கள் மேசையில் இருந்ததால்தான். நூலகத்துக்கு எழுத்தில் ஒரு மறுப்புரிமை வேண்டும் என்று நான் கேட்பதும் அதனால்தான்.

கையெழுத்தே தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது, அது ஏனோ இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்கத் தர அமைப்பான நைசோ 2008-இல் 'செரூ' என்ற பொதுப் புரிந்துணர்வு ஒன்றை வெளியிட்டது. வெளியீட்டாளரும் நூலகமும் இதன்படி நடப்போம் என்று கொள்முதல் ஆணையிலேயே குறிப்பிட்டுவிட்டால், தனி லைசென்ஸ் வேண்டாம், பதிப்புரிமைச் சட்டமும் அந்தப் பொதுப் புரிந்துணர்வும் போதும். பெரிய நிறுவனங்கள் இதற்கு அவ்வளவு எளிதில் வரமாட்டார்கள். சிறிய கழகங்கள், ஓரிரு இதழ் மட்டும் நடத்துபவர்கள் வருவார்கள்.

சிறியவர்கள் என்றதும் தமிழ்ப் புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டப்படிப்பு இருக்கிறது, மற்ற இடங்களிலும் தென்னாசியவியல், மொழியியல் பக்கம் தமிழ் நூல்கள் கேட்பவர்கள் உண்டு. சென்னையிலோ நாகர்கோவிலிலோ உள்ள ஒரு பதிப்பாளரிடம் சில நூறு வெள்ளிக்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்றால் பெரும்பாலான அமைப்புகளில் அவரும் விற்பனையாளர் பதிவுப் படிவத்தை நிரப்ப வேண்டும், வங்கிக் கடிதம், நிறுவனப் பதிவுச் சான்று, இணையத் தளத்தில் கணக்கு. இரண்டு பேர் நடத்தும் பதிப்பகம், அதில் ஒருவர் புத்தகக் காட்சியில் இருப்பார். அவர் அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது முன்கூட்டிய விலைப்பட்டியல், ஒரு பக்கம், நாம் கேட்கும் தாள்கள் பதினைந்து பக்கம். பாதியில் விட்டுவிடுவார், நாம் இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கிடைப்பதை வாங்கிக்கொள்வோம், அங்கே கிடைக்காத நூல் நம் அலமாரிக்கு வராமலே போகும். சிறு தொகைக்கான முழு அதிகாரம், வாங்குவதும் சேர்த்து, நூலகத்திடமே இருந்தால் இந்தப் புத்தகங்கள் வந்து சேரும். பெரிய தரவுத்தளங்களைப் பற்றிப் பேசும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் ஒரு சிறுபான்மை மொழியின் சேகரிப்பு நூலகத்தில் எவ்வளவு ஆழமாக இருக்கும் என்பதை இந்தச் சின்ன அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

இப்போது நான் இருக்கும் இடத்தில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். எந்த லைசென்ஸ் மேலே போனாலும் அதன்மேல் ஒரு பக்கத் தாள் போகும். நூலகம் கேட்டது என்ன, கடைசித் தாளில் இருப்பது என்ன, போன ஆண்டிலிருந்து மாறிய வரிகள் எவை, இவற்றில் எதை நூலகம் ஏற்கிறது, எதை ஏற்கவில்லை. கீழே தலைமை நூலகரின் கையெழுத்து. 'ஏற்கவில்லை' என்று ஒரு வரி இருந்தாலும் அதிகாரமுள்ளவர் கையெழுத்துப் போடமாட்டார், எங்களைக் கூப்பிடுவார். நிபந்தனை மாறாத புதுப்பிப்புகளுக்கு, ஒரு வரம்புவரை, தலைமை நூலகரே கையெழுத்திடலாம் என்று அதிகாரப் பட்டியலில் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதற்குச் சட்டப் பிரிவின் ஆதரவும் இருக்கிறது. நான் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று. ஒப்பந்தத்தில் அறிவிப்புகள் அனுப்பும் முகவரி என்ற இடத்தில், கையெழுத்திட்டவரின் பெயர் என்னவாக இருந்தாலும், நூலகத்தின் பொது அஞ்சல் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் இந்த ஆண்டுப் புதுப்பிப்பு தொடங்குவதற்குள், கையில் உள்ள லைசென்ஸ்களை எடுத்து அந்த ஒரு வரியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். அங்கே இருப்பவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மாற்றச் சொல்லி விற்பனையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். அதிகாரமுள்ள ஒருவர் பெயரில் அனுப்புங்கள்.